வெளிநாட்டு வேலை: நிறுவனக் காப்பீட்டை நம்பி வீட்டுப் பாலிசியை விடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறார். இன்னும் சில மாதங்களில் அவரை மூன்று ஆண்டுகளுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். ஜெர்மனி, சிங்கப்பூர், துபாய் மூன்றில் எது என்று முடிவாகவில்லை. நானும் எட்டு வயது மகளும் உடன் செல்கிறோம். அவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. நான் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டாவது குழந்தை பற்றியும் யோசித்து வருகிறோம். குடும்பம் முழுவதற்கும் காப்பீடு தருவதாக நிறுவனம் சொல்கிறது. அதனால் இந்தியாவில் ஆறு ஆண்டுகளாகக் கட்டிவரும் குடும்ப மருத்துவக் காப்பீட்டை நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர். அதில் என் மாமியாரும் இருக்கிறார். அவருக்கு வயது 68. நிறுத்தலாமா? அங்கே தனியாக ஒரு பாலிசி எடுக்க வேண்டுமா? மருந்துகளை எவ்வளவு எடுத்துச் செல்லலாம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தயவுசெய்து அந்தப் பாலிசியை நிறுத்தாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம். இதில் மட்டும் அவசரப்பட்டால் பிறகு திருத்த வழியில்லை.

முதலில் உங்கள் மாமியாரை நினைத்துப் பாருங்கள். நீங்கள் மூவரும் விமானம் ஏறிய பிறகு இந்தியாவில் இருக்கப்போகிறவர் அவர்தான். அந்தப் பாலிசி இப்போது மிகவும் தேவைப்படுவதும் அவருக்குத்தான். நிறுவனம் 'குடும்பம்' என்று சொல்லும்போது பெரும்பாலும் கணவன், மனைவி, குழந்தைகள் என்பதே பொருள். பெற்றோர் அதில் வருவதில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் புதிதாக மருத்துவக் காப்பீடு வாங்க வழிசெய்யும் வகையில் 2024 ஏப்ரல் முதல் இந்தியாவில் வயது வரம்பு நீக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் வயதையும் உடல்நிலையையும் பார்த்துப் பிரீமியத்தை நிர்ணயிக்கவும், விண்ணப்பத்தை மறுக்கவும் நிறுவனங்களுக்கு இன்றும் உரிமை உண்டு. 68 வயதில் கையில் இருக்கும் பாலிசியை விட்டுவிட்டு 71 வயதில் புதிதாக ஒன்றைத் தேடும் நிலைக்கு அவரை ஆளாக்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் கணவர். இந்தியாவில் இப்போதுள்ள விதிப்படி, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்களின் செலவுக்குப் பணம் கிடைக்காத தொடக்கக் காலம், அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பிரீமியம் கட்டியவரிடம், விண்ணப்பத்தில் ஒரு விவரத்தைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டி கிளெய்மை, அதாவது சிகிச்சைச் செலவுக்கான கோரிக்கையை, மறுக்க முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே மறுக்கலாம். நீங்கள் இந்த இரண்டு கட்டங்களையும் தாண்டிவிட்டீர்கள். அதாவது அவருடைய சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இன்று முழுப் பாதுகாப்பு இருக்கிறது. நிறுத்தினால் அந்த ஆறு ஆண்டுகளும் வீண். திரும்பி வரும்போது அவருக்கு 44 வயது இருக்கும். சர்க்கரையும் மூன்று ஆண்டுகள் கூடியிருக்கும். காத்திருப்புக் காலம் முதல் நாளிலிருந்து தொடங்கும்.

பிரீமியம் சுமையாக இருந்தால் அதற்கு வழிகள் உண்டு. குடும்பப் பாலிசியில் மூத்தவரின் வயதை வைத்தே பெரும்பாலும் பிரீமியம் கணக்கிடப்படுகிறது. அடுத்த புதுப்பிப்பின்போது மாமியாரைத் தனிப் பாலிசிக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். இதுவரை கடந்த காத்திருப்புக் காலம் அவருக்கு அப்படியே தொடரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் மூவருக்குமான காப்புத் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: குறைத்த தொகையைப் பின்னாளில் கூட்டினால், கூட்டிய பகுதிக்குக் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும். அதனால் அளவோடு குறையுங்கள்.

நிறுத்த வேண்டும் என்று யாரும் நினைக்காமலேயே பாலிசி நின்றுபோவதும் உண்டு. வெளிநாடு செல்பவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து, வெளிநாடுவாழ் இந்தியர் என்ற நிலைக்கு மாறியதும், சாதாரண வங்கிச் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தின்போது, பிரீமியம் தானாகப் பிடிக்கப்படுவதற்குக் கொடுத்திருந்த அனுமதி செயலிழந்துபோகலாம். புதுப்பிப்பை நினைவூட்டும் குறுஞ்செய்தி பழைய இந்திய எண்ணுக்குப் போகும். அந்த சிம் கார்டு எங்கோ ஒரு மேசை இழுப்பறையில் கிடக்கும். இணையத்தில் பணம் கட்டலாம் என்றால் ஓடிபி வருவதும் அதே எண்ணுக்குத்தான். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் இருக்கிறது. அதற்குள் கட்டிவிட்டால் தொடர்ச்சி அறுபடாது என்றாலும், கட்டாமல் இருந்த அந்த நாட்களில் ஏற்படும் செலவைக் கேட்க முடியாது. 30 நாட்களும் கடந்துவிட்டால் பாலிசி காலாவதியாகிவிடும். ஆகவே கிளம்புவதற்கு முன் இந்திய எண்ணுக்கு ரோமிங் வசதி செய்துகொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பதிவில் மின்னஞ்சல் முகவரி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும் சேர்த்துவையுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கான பிரீமியத்தை ஒரே தவணையில் கட்டிவிடுங்கள். பல நிறுவனங்கள் அதற்குத் தள்ளுபடியும் தருகின்றன.

இனி நிறுவனம் தரப்போகும் காப்பீட்டுக்கு வருகிறேன். என்னிடம் ஆலோசனை கேட்பவர்களில் அநேகமாக எல்லோருமே முதலில் 'எத்தனை லட்சத்துக்குக் காப்பீடு?' என்றுதான் கேட்கிறார்கள். எந்த நாள் முதல் எந்த நாள் வரை, யார் யாருக்கு என்பதை அதற்கு முன்பே கேட்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் காப்புத் தொகை போதாமல் சிக்கலில் மாட்டுவது குறைவு. ஒரு காப்பீடு முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியில் மாட்டுவதுதான் அதிகம். வேலையில் சேர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய் இறங்குவது, மனைவி குழந்தைகளின் விசா தாமதமாவது, வேலை மாறும்போது விழும் இடைவெளி, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் வாரங்கள் என இந்த இடைவெளிகள் எல்லாமே முன்கூட்டித் தெரிந்தவை. ஒவ்வொன்றையும் குறுகிய காலப் பயணக் காப்பீட்டால் அடைத்துவிட முடியும். பயணக் காப்பீட்டைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், ஏனெனில் புறப்பட்ட பிறகு பல நிறுவனங்கள் விற்பதில்லை. ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: அது திடீர் நோய்க்கும் விபத்துக்குமானது. உங்கள் கணவரின் மாதாந்திரச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அதில் பணம் கிடைக்காது.

நாட்டுக்கு நாடு நிலைமை வேறுபடுவதால் மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

ஜெர்மனி என்று முடிவானால் ஒரே ஒரு கேள்வியை நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள்: ஜெர்மனிக் கிளையின் ஊழியராக, அங்குள்ள ஒப்பந்தத்தில் சேர்க்கிறீர்களா, இல்லை இந்திய ஊதியத்திலேயே அனுப்புகிறீர்களா? அங்குள்ள ஒப்பந்தம் என்றால் அரசுச் சட்டத்தின் கீழ் இயங்கும் பொதுக் காப்பீட்டில் அவர் சேரலாம். ஊதியத்தில் 14.6 சதவீதமும், ஒவ்வொரு காப்பீட்டு நிதியமும் விதிக்கும் ஒரு கூடுதல் வீதமும் சேர்ந்ததுதான் சந்தா. அதில் பாதியை நிறுவனம் கட்டும். உங்களுக்கு வருமானம் இல்லாத வரை நீங்களும் மகளும் தனிச் சந்தா இல்லாமல் அதே காப்பீட்டில் சேர்ந்துகொள்ளலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எந்தக் காரணத்தைக் காட்டியும் பொதுக் காப்பீட்டில் சேர்க்க மறுக்க முடியாது, காத்திருப்புக் காலமும் இல்லை. மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்கு நீங்கள் கொடுப்பது விலையில் 10 சதவீதம், ஒரு மருந்துக்கு குறைந்தது 5 யூரோ, அதிகபட்சம் 10 யூரோ. மருத்துவமனையில் தங்கினால் நாளொன்றுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாட்கள் வரை மட்டும்.

ஊதியம் ஒரு வரம்பைத் தாண்டினால் தனியார் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வரும். 2025-இல் அந்த வரம்பு ஆண்டுக்கு 73,800 யூரோ. முகவர்கள் தேடி வருவார்கள், இளம் வயதில் சந்தா குறைவு என்பார்கள். உங்கள் குடும்பத்துக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தனியாரில் நோய் வரலாற்றைப் பார்த்துச் சந்தாவைக் கூட்டுவார்கள் அல்லது மறுப்பார்கள். மனைவிக்கும் குழந்தைக்கும் தனித்தனிச் சந்தா கட்ட வேண்டும். நினைத்த நேரத்தில் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்பவும் முடியாது. இன்னொன்று, வேலையில் சேரும் நாளில்தான் பொதுக் காப்பீடு தொடங்கும். அதற்கு முன் போய் இறங்கினால் அந்த நாட்களுக்கு வேறு காப்பீடு கையில் இருக்க வேண்டும். விசாவுக்கே அதைக் கேட்பார்கள்.

சிங்கப்பூரில் மருத்துவத் தரம் மிக உயர்வு, ஆனால் வெளிநாட்டவருக்கு அரசின் காப்பு கிடையாது. மெடிஷீல்ட் லைஃப் என்ற தேசியக் காப்பீடு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. அரசு மருத்துவமனைக்குப் போனாலும் மானியமில்லாத கட்டணத்தைத்தான் கட்ட வேண்டும். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளை வைத்திருப்போருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு நிறுவனம் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலை முதல் இருக்கிறது. உங்கள் கணவருக்குக் கிடைக்கப்போவது அநேகமாக உயர் ஊதியப் பணியாளர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ். அதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. பணி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கிடைக்கும். எனவே கையெழுத்திடும் முன் மனைவி, குழந்தை, வெளிநோயாளி சிகிச்சை, ஏற்கெனவே உள்ள நோய் ஆகிய நான்கும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பிப் போகாதீர்கள்.

துபாயில் 2013-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் சட்டப்படி ஊழியருக்குக் காப்பீடு எடுப்பது நிறுவனத்தின் கடமை. மனைவி, குழந்தைகளுக்கு எடுக்க வேண்டியது அவர்களுக்கு விசா எடுக்கும் ஸ்பான்சர், அதாவது உங்கள் கணவர். நிறுவனம் தானாக முன்வந்து தந்தால் நல்லது. தராவிட்டால் சட்டப்படி கேட்க முடியாது. அடிப்படைத் திட்டத்தில் ஆண்டு உச்ச வரம்பு 1,50,000 திர்ஹாம். எந்த மருத்துவமனைகளுக்குப் போகலாம் என்பதும் அதில் குறுகலாக இருக்கும். நல்ல நிறுவனங்கள் இதைவிட விரிவான பாலிசியே தருகின்றன. உங்களுக்குத் தரப்போவது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே காப்பீடு வேலையோடும் விசாவோடும் பின்னிக் கிடக்கிறது. வேலை முடிந்து விசா ரத்தானால் காப்பீடும் முடிந்துவிடும்.

ஆக, தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் கணவருக்கு ஓரளவாவது இருக்குமானால், மருத்துவக் காப்பீட்டை மட்டும் வைத்துப் பார்க்கையில், ஜெர்மனியில் அங்குள்ள ஒப்பந்தத்தோடு சேர்வதுதான் உங்கள் குடும்பத்துக்கு மிகவும் பாதுகாப்பானது. அங்கே தனிப் பாலிசி தேவையில்லை. மற்ற இரண்டு இடங்களில், நிறுவனக் காப்பீடு ஏற்கெனவே உள்ள நோய்களை முதல் நாளிலிருந்து ஏற்கிறது என்று எழுத்தில் கிடைத்தால் போதும், தனியாக எடுக்க வேண்டியதில்லை. ஊழியர் எண்ணிக்கை அதிகமுள்ள நிறுவனங்களின் குழுக் காப்பீட்டில் இது கிடைப்பது சாதாரணம்தான். கிடைக்காவிட்டால் தனி சர்வதேசப் பாலிசியைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் அந்தப் பாலிசியும் உங்கள் கணவரின் சர்க்கரையை விலக்கியோ, கூடுதல் பிரீமியம் கேட்டோதான் வரும். அதனால் நிறுவனத்திடம் வாதாடிப் பெறுவதே மேல். மாற்றல் உத்தரவில் கையெழுத்திடும் முன்புதான் கேட்பதற்குப் பலம் உண்டு.

எந்த விண்ணப்பமாக இருந்தாலும் நோய்களை மறைக்காதீர்கள். 'மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, எழுதாவிட்டால் என்ன' என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் குடும்பங்கள் தவித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நெஞ்சுவலி என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே 'எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை?' என்பதுதான். நோயாளி உண்மையைச் சொல்வார், சொல்லத்தான் வேண்டும். அந்தப் பதில் மருத்துவக் குறிப்பில் ஏறும். அந்தக் குறிப்பின் நகல் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். விண்ணப்பத்தில் 'இல்லை' என்றும் குறிப்பில் 'எட்டு ஆண்டுகள்' என்றும் இருந்தால் அந்தச் சிகிச்சைக்குப் பணம் மறுக்கப்படுவதோடு பாலிசியே ரத்தாகலாம்.

கிளெய்ம் விஷயத்தில் ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க் மருத்துவமனையில் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் அவர்களே காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் பெற்றுக்கொள்வார்கள். வெளியே போனால் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும். இங்கேதான் காகிதம் சோதிக்கும். மகளுக்கு இரவில் கடும் வயிற்றுவலி, அருகிலிருந்த மருத்துவமனைக்கு ஓடினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வலி தணிந்து கிளம்பும்போது, கட்டணப் பிரிவில் ஒரு சிறிய சீட்டைத் தருவார்கள். 'மருத்துவச் சேவை' என்று ஒரு வரி, அதன் எதிரே மொத்தத் தொகை, கீழே 'பணம் பெறப்பட்டது' என்ற முத்திரை. அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும். மருத்துவர் கட்டணம், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருந்து என்று இனவாரியாகப் பிரித்த பில் வேண்டும். நோயின் பெயரும், நோய்களுக்கான சர்வதேசக் குறியீடான ஐசிடி எண்ணும் எழுதிய மருத்துவர் அறிக்கை வேண்டும். பரிசோதனைகளுக்கு மருத்துவர் எழுதிய பரிந்துரைச் சீட்டும், முடிவுகளும் வேண்டும். நோயாளியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறிப்போய் நிராகரிக்கப்படுவது நம்மவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. இவ்வளவையும் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் கேட்டு வாங்குங்கள். வீடு வந்ததும் எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் கிளெய்ம் அனுப்புவதற்குக் கெடு உண்டு.

அவசரமில்லாத அறுவைசிகிச்சை, மருத்துவமனையில் தங்குவது, எம்ஆர்ஐ போன்றவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் முன் அனுமதி வாங்க வேண்டும். நோயாளியை வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுசெல்ல நேர்ந்தால் அந்த ஏற்பாட்டைக் காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர உதவி மையமே செய்ய வேண்டும்; நாமே ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு பணம் கேட்டால் மறுப்பார்கள். அந்த மையத்தின் எண்ணையும் ஆம்புலன்ஸ் எண்ணையும் மகளுக்கும் தெரியும்படி எழுதிவையுங்கள். ஆம்புலன்ஸ் எண் ஜெர்மனியில் 112, சிங்கப்பூரில் 995, துபாயில் 998.

மருந்துகள்: மூன்று மாதத் தேவைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஜெர்மனியும் சிங்கப்பூரும் சொந்த உபயோகத்துக்கு அந்த அளவை அனுமதிக்கின்றன. அசல் பெட்டியிலேயே, கைப்பையில் வையுங்கள். மருத்துவரின் கடிதத்தில் நிறுவனங்கள் வைத்த வணிகப் பெயர் மட்டும் இருந்தால் அங்குள்ள மருந்தாளுநருக்குப் புரியாது. மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டான், லெவோதைராக்சின் என்பதுபோல மருந்தின் மூலப் பெயரும் அளவும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். உங்கள் இருவரின் வழக்கமான மாத்திரைகளில் சிக்கல் வராது. வலிக்கும் இருமலுக்கும் வீட்டில் வைத்திருக்கும் மருந்துகளைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். கோடீன், டிரமடால் கலந்தவை துபாயில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் மருத்துவச் சீட்டு இருந்தாலும் சட்டச் சிக்கல் வரும். சிங்கப்பூரிலும் இப்படிப்பட்ட மருந்துகளுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதியை முன்பே பெற வேண்டும். தீர்ந்த பிறகு ஊரிலிருந்து கூரியரில் வரவழைக்கலாம் என்று ஜெர்மனியில் எண்ணாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனிநபர்கள் தபாலில் மருந்து வரவழைப்பது அங்கே பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை, சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள். போன முதல் மாதத்திலேயே குடும்ப மருத்துவர் ஒருவரைப் பிடித்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை வேறு நிறுவனத்தின் தயாரிப்பாக மாறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து அளவைச் சரிபார்க்க வேண்டும்.

மகளின் தடுப்பூசி அட்டையை ஆங்கிலத்தில் மருத்துவர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள், பள்ளியில் கேட்பார்கள். கிளம்புவதற்கு முன் மூவரும் பல் மருத்துவரையும் கண் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். இந்த இரண்டும் பல பாலிசிகளில் சேராதவை, அல்லது சிறு தொகைக்கு மட்டும் சேர்ந்தவை.

கடைசியாக இரண்டாவது குழந்தை. உங்கள் கடிதத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள், ஆனால் தேதிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டியது இதில்தான். தனி சர்வதேசப் பாலிசிகளில் மகப்பேற்றுக்குப் பெரும்பாலும் 10 முதல் 12 மாதம் காத்திருப்புக் காலம் உண்டு. அந்தக் காலம் முடிந்த பிறகு கருவுற்றால்தான் செலவு தருவோம் என்று சில பாலிசிகள் சொல்கின்றன, பிரசவம் அதற்குப் பிறகு நிகழ்ந்தால் போதும் என்று சில சொல்கின்றன. குழுக் காப்பீட்டில் காத்திருப்பு இல்லாமலும் இருக்கலாம், மகப்பேறே சேராமலும் இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சை தேவைப்படும் குழந்தையின் செலவு பிரசவச் செலவைவிடப் பல மடங்கு பெரியது. அது தாயின் மகப்பேற்று வரம்புக்குள் அடங்குமா, குழந்தைக்குத் தனியாகக் காப்பு உண்டா, பிறந்து எத்தனை நாட்களுக்குள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஜெர்மனியின் பொதுக் காப்பீட்டில் இந்தக் கவலைகள் எதுவும் இல்லை.

கணவரிடம் சொல்லி, நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து பாலிசியின் சுருக்கத்தை அல்லாமல் முழு ஆவணத்தையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். அதில் மகப்பேறு, ஏற்கெனவே உள்ள நோய்கள், விலக்குகள் ஆகிய மூன்று பகுதிகளைப் படியுங்கள். புரியாத வரிகளை அடிக்கோடிட்டு எனக்கு அனுப்புங்கள். அவர் கையெழுத்திடும் தேதிக்கு முன் பதில் தருகிறேன்.